ஈய மீன்

காலடிப்பேட்டை
6-7-2024, சனிக்கிழமை

அம்முவின் அப்பாவுக்கு,

வடிவு எழுதுவது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, பிள்ளையைப் பற்றிய விஷயத்தை எழுதியே கேட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் கவுன்சிலிங் அம்மா சொன்னதால் எழுதுகிறேன். எழுத்தில் இருப்பது எனக்கும் நல்லதுதான். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நீங்கள் பேச்சை மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மு உங்களிடம் வரும்போது அவள் பையின் பக்க ஜிப்பில் கடிதம் இருக்கும். பதிலையும் அதிலேயே வையுங்கள். ஒட்டி அனுப்புங்கள்.

பள்ளிக்கூடத்தில் அம்முவுக்கு ஒரு பரிசோதனை வைத்தார்கள். புத்தியை அளக்கிற பரிசோதனையாம். நாலாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும். எழுபத்தொன்று என்று வந்திருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பார்டர்லைன்மா. அடுத்த வருஷம் இங்க வெச்சுக்க முடியுமான்னு யோசிக்கணும், ஸ்பெஷல் ஸ்கூல் ஏதாவது பாத்து வைங்க" என்றார். அப்புறம் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மதியம் வரை பில் போட்டேன், ஒரு மாத்திரை பெயரும் மண்டையில் ஏறவில்லை.

அவள் சொன்ன பதில்களைக் காட்டினார்கள். நண்டும் மீனும் எந்த விதத்தில் ஒன்று என்று கேட்டதற்கு, "ஒண்ணு இல்ல மிஸ், நண்ட உசுரோட விக்கணும், மீனு செத்தப்புறந்தான் விக்கும்" என்றிருக்கிறாள். சைபர். புகை வருவதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்றதற்கு, "ஜன்னல மூடுவேன்." அதற்கும் சைபர்.

எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. நான் வேலைக்குப் போன நாட்களில் அவள் உங்களிடம் எங்கேயாவது விழுந்தாளா? தலையில் அடிபட்டதா? மறைத்தீர்களா? எங்கம்மா, "அவங்க ரத்தத்துலயே கீதுடி, அவன் படிச்ச லட்சணம் தெரியாதா" என்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளுக்கு வயிற்றுவலி. ஞாயிறு அவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறமாக வருகிறாளே, அது என்ன?

செப்டம்பர் பதினொன்றாம் தேதி வாய்தா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு தொடரலாமா வேண்டாமா என்று அன்றைக்குக் கேட்பார்கள். அதற்குள் எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

வடிவு


எண்ணூர் குப்பம்
7-7-2024, ஞாயிறு மதியம்

வடிவுக்கு எத்திராஜ் எழுதிக்கொள்வது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீயும் அத்தையும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

அம்மு சாப்பிட்டுத் தூங்குகிறாள். என்ன கொடுக்கிறேன் என்று கேட்டாயே, எழுதிக்கொள்: சோறு, சங்கரா மீன் குழம்பு, ஒரு வாழைப்பழம். இதையும் வக்கீல் திருமலையிடம் காட்டு. எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும், ஆறாவதோடு சரி. இந்த நாலு வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

எழுபத்தொன்று என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம வம்சத்துலயே எவனும் இவ்ளோ மார்க்கு வாங்கினதில்லடா" என்று என்னோடு போட்டில் வரும் சாவியோவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன்தான், "அய்ய, அது மார்க்கு இல்ல நைனா, நூறுதான் நடு, அதுக்குக் கீய இருந்தா மட்டம்னு அர்த்தம்" என்றான். அப்புறம் வந்து உன் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு வாட்டி படித்தேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல்லு. பரிசோதனை வைத்தது யாரு? எந்த பாஷையில்? பிள்ளை காலையில் சாப்பிட்டாளா? நண்டைப் பற்றிக் கேட்டானே, அவன் என்றைக்காவது செத்த நண்டை மார்க்கெட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறானா? அவள் சொன்னது சரிதானே! புகை வந்தால் இந்த எண்ணூரில் எல்லாரும் ஜன்னலைத்தான் மூடுவோம். வேறு இன்னா செய்வது? தினம் வர்ற புகைக்கு பயர் சர்வீசையா கூப்பிடுவது? அதற்கு சைபர் போட்டவனுக்கு எவ்வளவு புத்தி என்று யார் அளந்தார்கள்?

எனக்கு ஒன்று தோன்றுகிறது, மறைக்காமல் எழுதுகிறேன். வாய்தாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இந்தப் பரிசோதனை ஏன் வந்தது? "அப்பன் வூட்டுக்குப் போயிதான் பிள்ள இப்டி ஆச்சு"ன்னு ஒரு காகிதம் உனக்குத் தேவை. எனக்கு வாரத்தில் இருப்பது ஒரே ஒரு நாள். அதையும் பிடுங்கத்தான் இது.

அவள் எங்கும் விழவில்லை. நான் எதையும் மறைக்கவில்லை. விரலில் இருப்பது பென்சில் கரி. வரைந்துகொண்டே இருக்கிறாள்.

எத்திராஜ்


காலடிப்பேட்டை
20-7-2024, சனிக்கிழமை

அம்முவின் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதில் பாதி நியாயம். ஒப்புக்கொள்கிறேன். பரிசோதனை இங்கிலீஷில்தான் நடந்தது. பக்கத்திலேயே விளையாட்டு மைதானம், ஒரே கத்தல். அன்றைக்கு ஷேர் ஆட்டோ கிடைக்காமல் அவள் சாப்பிடாமலே போனாள். அது என் தப்பு.

வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஜானட் மிஸ்ஸைப் பிடித்துக் கேட்டேன். படிப்பில் திணறும் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், பரிசோதனை வைத்தது அவர் இல்லை. இந்த எண் மார்க்கும் இல்லை, உயரம் எடை மாதிரி உடம்பில் இருக்கிற அளவும் இல்லை என்றார். அதே வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் நிறுத்தினால் அன்றைக்கு அவள் எங்கே நிற்கிறாள் என்பதுதான் அது. பெற்றவர்களிடமிருந்து வருவதும் உண்டு. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் கிடைத்த சாப்பாடு, வீட்டில் பிள்ளையோடு எவ்வளவு பேசுகிறார்கள், தூக்கம், ரத்தசோகை, பயம், இதெல்லாமும் சேரும் என்றார். "எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது வடிவு" என்றார்.

பயம் என்று அவர் சொன்னதும் எனக்கு உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை என்று நீங்கள் அவளை அறைந்து, "மண்டு, மண்டு" என்று கத்திய நாள்தான் நான் அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். பதினாலு மாதம் ஆகிறது. இன்றைக்கு அவளுடைய புத்திக்கு நீங்கள் வக்காலத்து வாங்குவதைப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மிஸ் இன்னொன்றும் கேட்டார். வீட்டில் பழைய பேட்டரி, ஈயம், உரிந்த பெயிண்ட் ஏதாவது உண்டா என்று. இங்கே எதுவும் இல்லை என்றேன். அன்று சாயந்திரம் துவைப்பதற்காக அவள் தலையணை உறையை உருவினேன். உள்ளேயிருந்து கொட்டியது. பதினோரு மீன். என் சுண்டுவிரல் நீளம், சாம்பல் நிறம், கனம். வாலில் எல்லாம் பல் பதிந்த தடம். "இன்னாடி இது" என்றேன். "வாயில வெச்சுகினா தூக்கம் வரும்மா" என்கிறாள்.

பென்சில் கரி என்று எழுதினீர்கள். எழுத்தில் இருக்கிறது. ஏன் பொய் சொன்னீர்கள்?

மீன்கள் என்னிடம் இருக்கின்றன. ஜானட் மிஸ் அம்முவின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு அவளை அனுப்புகிறேன். இனி ஒன்றுகூட அவள் கையில் கொடுக்கக் கூடாது.

வடிவு


எண்ணூர் குப்பம்
21-7-2024, ஞாயிறு

வடிவுக்கு,

பிள்ளையின் தலையணையைச் சோதனை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாயா? போட்டோ எடுத்தாயிற்றா? வக்கீலுக்கு வாட்ஸப்பில் போயிருக்குமே!

சரி, சொல்கிறேன். பென்சில் என்று எழுதியது பொய்தான். உன் கேள்வியைப் படித்ததும் எதைச் சொன்னாலும் குத்தமாக்குவாய் என்று பயந்து எழுதிவிட்டேன்.

அது நான் வார்த்த மீன். வலையின் அடிக்கயிற்றில் கட்ட ஈயக் குண்டு வார்ப்பேன் இல்லையா, கரண்டி அடியில் கொஞ்சம் மிஞ்சும். செங்கல்லில் மீன் மாதிரி குடைந்து வைத்திருக்கிறேன். மிஞ்சியதை அதில் ஊற்றினால் ஒரு மீன். ஆறியதும் ஆணியால் கண்ணு வைப்பேன். மே மாசம் கோர்ட்டில் ஞாயிறு கொடுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கு ஒன்று. அவள் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அப்பா, இந்தவாட்டி வாலு பெருசா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கைக்குழந்தையாக இருந்தபோதே செய்து கொடுத்திருக்கிறேனே, உனக்குத் தெரியாததா?

நான் அவளுக்கு வேறு எதைக் கொடுப்பது? கவுன் வாங்கி அனுப்பினால் அத்தை திருப்பி அனுப்புகிறது. நான் கொடுத்தனுப்பிய பொம்மையைப் பிள்ளை கண்ணெதிரே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்களாம். மீன் சின்னது, யார் கண்ணிலும் படாது, பாக்கெட்டில் வைத்துக் கொண்டுபோய்விடுவாள். அதற்காகத்தான் மீன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பதினொன்றையும் அவள் முன்னால் கலந்து போட்டுக் கேள். இது மழை பெய்த ஞாயிறு, இது என்ஜின் ரிப்பேர் ஆன ஞாயிறு, இது சாவியோ மாமா பாடின ஞாயிறு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அவளுக்கு ஒன்றுகூடத் தப்பாது. இந்தப் பிள்ளைக்கா புத்தி மட்டம்? இதை அந்தப் பரிசோதனைக்காரன் கேட்டானா?

அறைந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அறைந்தது நிஜம்தான்.

ஈயம் ஈயம் என்று பயம் காட்டாதே. எங்கப்பா ஆயுசு முழுக்க உருக்கினார். நான் முப்பது வருஷமாக உருக்குகிறேன். எனக்கு இன்னா ஆச்சு? ரத்தம் எடுக்கணும் என்றால் எடு. பிள்ளைக்கு ஊசி வலிக்காமல் போடச் சொல்லு.

எத்திராஜ்


காலடிப்பேட்டை
10-8-2024, சனிக்கிழமை

அம்முவின் அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். நாளைக்கு அம்மு வரமாட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஈயம் இருபத்துநாலு. மூன்றரைக்கு மேலே போனாலே கவனிக்கணுமாம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஈயம் வயிற்றைவிடப் பிள்ளையின் மூளையில்தான் அதிகம் வேலை செய்யுமாம். கவனம் நிற்காது, கணக்கு தங்காது, எழுத்து குழம்பும். திங்கட்கிழமை வயிற்றுவலியும் அதனாலேயே இருக்கலாம். ஊசி மருந்து போடும் அளவு இல்லை. ஈயத்தை நிறுத்தணும், இரும்புச்சத்து மாத்திரை, பால், கீரை, முட்டை. போனதெல்லாம் திரும்பி வருமா என்று கேட்டேன். "எல்லாம் வரும்னு பொய் சொல்ல மாட்டேன்மா. ஆனா பிள்ளையோட மூளை வளந்துக்கிட்டேதான் இருக்கு, நிறைய பேசுங்க, படிக்க வைங்க" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டில் யார் யார் ஈயத்தைத் தொடுவீர்கள் என்று கேட்டார். அவள் அப்பா என்றேன்.

இனி நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஈயக் குண்டு வார்ப்பதால் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று யாரோ வந்து பேசினார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன். நீங்கள் போயிருந்தீர்கள். வந்தவர்களின் கையெழுத்து நோட்டை அங்கன்வாடி ரமாபாய் அக்காவிடம் வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாவது பெயர் உங்களுடையது. கோணல் கையெழுத்து, எனக்குத் தெரியாதா?

தெரிந்தே செய்தீர்களா? தெரிந்துகொண்டே அவள் கையில் மீனைக் கொடுத்தீர்களா? பழைய பேட்டரி உடைக்கிறவன், ஆலைப் புகை, அனல்மின் நிலையச் சாம்பல் என்று ஊரில் எது எது மேலெல்லாமோ சந்தேகப்பட்டேன். கடைசியில் நம் வீட்டு அடுப்பில் வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளை நிறுத்தச் சொல்லி திருமலை சார் மனு தயார் செய்துவிட்டார். பதினொன்றாம் தேதி கொடுப்போம். அதற்கு முன்னால் உங்கள் பதில் வேண்டும். தெரியுமா, தெரியாதா?

வடிவு


எண்ணூர் குப்பம்
1-9-2024

வடிவுக்கு எத்திராஜ் எழுதிக்கொள்வது.

தெரியும்.

கூட்டத்துக்குப் போனேன். டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஒரு அம்மா படம் காட்டிப் பேசினாங்க. பாதி காதில் விழுந்தது. விழுந்ததை நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று நீ கேட்பாய், உனக்கே தெரியும். வருஷா வருஷம் கேமராவைத் தூக்கிக்கொண்டு எவனாவது வருகிறான். ஆறு கெட்டுப்போச்சு என்கிறான், காத்து கெட்டுப்போச்சு என்கிறான், எண்ணூர் மீனைத் தின்னாதே என்கிறான். அடுத்த நாள் நம் மீனை ஒருத்தரும் தொடுவதில்லை. அப்புறம் ஒருத்தன் வந்து, "இங்க கெட்டுப்போச்சே, நீங்க வேற எடத்துக்குப் போயிடுங்க"ன்னு பட்டா பேசுகிறான். அதனால் ஈயமும் கெடுதல் என்றதும், "ஓகோ, இப்போ வலையையும் பிடுங்க வந்துட்டானுங்க"ன்னுதான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தோம். ஆயிரம் பேர் பொய் சொன்ன இடத்தில் ஒருத்தி நிஜம் சொன்னாள், எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த மறுவாரம் அதே டாக்டரம்மாவிடம் நானும் போனேன். என் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னேன். நாற்பத்தொன்று. அவங்களே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாங்க. அம்முவுக்கு வைத்த பரிசோதனையை எனக்கும் வையுங்கள் என்று கேட்டேன். அது இப்படி வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, நான் விடாததால் நம்பர் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. மூன்று நம்பர் சொன்னேன். நாலு சொன்னதும் பேஜாரு ஆகிவிட்டது. முகம் வேர்த்துவிட்டது வடிவு. ஆறாம் வகுப்பில் பலகைக்கு முன்னால் நின்ற மாதிரியே இருந்தது.

எனக்கு முப்பத்தெட்டு வயசு. வாத்தியார் என்னை "களிமண்ணு" என்றுதான் கூப்பிடுவார். எங்கப்பா அடுப்பில் ஈயம் உருக்கும்போது நான் பக்கத்தில் குந்தி ஊதுவேன். அதெல்லாம் ஒன்றோடொன்று சேரும் என்று யாருக்குத் தெரியும்? என் மண்டை இவ்வளவுதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் அம்முவை அறைந்தேன். என்னை மாதிரியே ஆகிடுவாளோ என்று. ஈயம் இல்லாவிட்டால் நான் படித்திருப்பேனா? "சொல்ல முடியாதுப்பா" என்கிறாங்க டாக்டரம்மா. ஒருவேளை அப்பவும் நான் இப்படித்தான் இருந்திருப்பேனோ என்னவோ. அது தெரியாமலேதான் நான் சாகணும்.

வீட்டில் இப்போது ஈயம் இல்லை. எடைக்குப் போட்டால் வேறு எவனாவது அவன் வீட்டில் உருக்குவான், அவனுக்கும் பிள்ளை இருக்கும். அதனால் குண்டு, கரண்டி, எல்லாவற்றையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு, சுற்றிச் சிமெண்டு ஊற்றி மூடிவிட்டேன். அதையே போட்டுக்கு நங்கூரமாக வைத்திருக்கிறேன். வலைக்குச் சிமெண்டு குண்டு வார்க்கிறேன். சாவியோ, "உன் வலை பொம்பள ஒட்டியாணம் மாரி கீதுடா" என்று கிண்டல் பண்ணுகிறான். பண்ணட்டும். செங்கல் அச்சை உடைத்துவிட்டேன். பெருக்கினால் தூசி கிளம்பும் என்று டாக்டரம்மா சொன்னதால் வீடு முழுக்க ஈரத் துணியால் மூணு வாட்டி துடைத்தேன்.

மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். வீடு சரியாக இருக்கிறது என்று யாராவது வந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் அம்முவை அனுப்ப வேண்டாம். அதற்கப்புறமாவது ஒரு ஞாயிறு கொடு. எனக்கு அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் வாரமே விடியவில்லை.

டாக்டரம்மா என்னிடமும் கேட்டாங்க, வூட்ல யார் யார் ஈயத்த தொட்டீங்கன்னு. நான் மட்டும்தான் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

எத்திராஜ்


காலடிப்பேட்டை
7-9-2024, சனிக்கிழமை

எத்திராஜுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமையே வந்திருக்கிறது. என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை, அதுவும் ஒட்டுப் பிரிந்து. எங்கம்மா மேல் சந்தேகப்பட்டேன். "எனுக்கு எய்தப் படிக்கத் தெரியுமாடி பாவி?" என்று அது ஒரே கூப்பாடு. அப்புறம் பார்த்தால் அம்மு. தபால்காரரிடம் வாங்கியவள், ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இரண்டு நாளாகப் படித்திருக்கிறாள். இதற்கு முன் பையில் வந்துபோன கடிதங்களையும் பஸ்ஸில் பிரித்துப் படித்து, எச்சில் தொட்டு ஒட்டியிருக்கிறாள். நம் சண்டை முழுக்க அவளுக்குத் தெரியும். எழுபத்தொன்று என்பதும் தெரியும்.

நான் திட்டப் போனேன். அவள் கடிதத்தின் கடைசியைக் காட்டி, "அம்மா, வேற எதுவும் சொல்லலன்னு அப்பா எய்திகீதே. அப்போ வேற இன்னாவோ கீது. அது இன்னாமா?" என்றாள்.

நம் வக்கீல்கள், கவுன்சிலிங் அம்மா, டாக்டரம்மா, ஒருத்தரும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. இவள் கேட்டாள்.

முதலில் அவளிடம்தான் சொன்னேன். இப்போது உங்களுக்கு எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் வயிற்றில் இருந்த ஆறாம் மாதத்திலிருந்து நான் வாசலில் உட்கார்ந்து வலைக்கு ஈயம் கட்டினேன். தட்டின ஈயத் துண்டைக் கயிற்றில் சுற்றிப் பல்லால் கடித்து இறுக்குவேன். நீங்கள் எனக்கென்று ஒரு குறடு வாங்கி வந்தீர்கள். "அத நீயே வெச்சுக்கோ, பல்லுதான் ஜல்தி" என்று நான் சிரித்தேன். பிள்ளை பிறந்து பல் முளைக்கும்போது ராவெல்லாம் அழுதாள். நீங்கள் செய்து கொடுத்த மீனை வாயில் சப்ப வைத்தது நான். அதுதான் குளிர்ச்சியாக இருந்தது.

தலையணையிலிருந்து அந்த மீன்கள் விழுந்தபோதே எனக்கு வாயில் அந்த ருசி வந்துவிட்டது. லேசாக இனிக்கும், நினைவிருக்கிறதா? அப்போதே எனக்குச் சந்தேகம், என் மேல். அதனால்தான் உங்கள் மேல் அவ்வளவு சந்தேகப்பட்டேன். அம்முவுக்கு ரத்தம் எடுத்த அன்றே எனக்கும் எடுத்துக்கொண்டேன். ஒன்பது. பத்து வருஷம் கழித்தும் ஒன்பது. அந்தக் காகிதத்தைக் கைப்பையின் உள் ஜிப்பில் ஒளித்துவைத்துக்கொண்டு, உங்களிடம் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எலும்பில் தங்கின ஈயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் என்றார். உங்களுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு, சரியாகச் சொல்லிக்கொடுக்காத வாத்தியார்கள் எவ்வளவு, நீங்கள் அறைந்தது எவ்வளவு என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டிசம்பரில் ஜானட் மிஸ் மறுபடி பரிசோதனை வைக்க ஏற்பாடு செய்கிறார். தமிழில். சாப்பிட வைத்து அனுப்புவேன்.

மனு கொடுக்க வேண்டாம் என்று திருமலை சாரிடம் சொல்லிவிட்டேன். அதை வைத்து நான் திரும்பி வந்துவிடுவேன் என்று கணக்குப் போடாதீர்கள். நீங்கள் அவளை அறைந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வழக்கு வழக்காகவே இருக்கட்டும். ஞாயிறு மட்டும் உங்களுடையது.

இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை அம்முவை நானே கூட்டி வருகிறேன், வீட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஈரத் துணியும் வாளியும் நானும் எடுத்து வருகிறேன், நீங்கள் துடைத்த லட்சணம் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கப்போவது அம்மு. நான் தெருமுனைக் குழாயடியில் நிற்பேன். படித்து முடித்தபின் கூப்பிட மனசு இருந்தால் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் அவளை மட்டும் சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் விடுங்கள்.

நீங்களே படிக்க வேண்டாம். அவளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. மெதுவாகத்தான் படிப்பாள், சில இடத்தில் நின்று நின்று வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

வடிவு